எச்டிடாக்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துப் போனால் வெப்சைட் வந்துவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ஆறேழு வருடமாக ஸாம்ப் போட்டு வேலை செய்கிறீர்கள். அப்பாச்சி வெப் சர்வர், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், பிஎச்பி மொழி மூன்றையும் ஒன்றாகத் தரும் தொகுப்பு அது. அதில் தளக் கோப்புகள் இருக்கும் இடம்தான் எச்டிடாக்ஸ். வேர்ட்பிரஸ் தளங்கள் பத்துப் பன்னிரண்டு, லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் இரண்டு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. எச்டிடாக்ஸ் ஃபோல்டரை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி அங்கே ஒட்டிவிட்டு, பழையதை ஃபார்மட் செய்து தம்பிக்குக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். ஒரு மாதம் அது அப்படியே உங்கள் மேசையில் இருக்கட்டும். எச்டிடாக்ஸில் இருப்பது நீங்கள் எழுதிய கோட், ஏற்றிய படங்கள் போன்ற கோப்புகள் மட்டும்தான். தளத்தின் கட்டுரைகளும் வாடிக்கையாளர் பட்டியலும் மைஎஸ்க்யூஎல்லில் இருக்கின்றன. எந்தப் பெயருக்கு எந்த ஃபோல்டர் திறக்க வேண்டும் என்ற விவரம் அப்பாச்சியின் கான்ஃபிக் கோப்புகளில் இருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி என்ற கோப்பு உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்து கிடக்கிறது. சர்வருக்குக் கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி பாஸ்வேர்டுகள் ஆப்டேட்டா ஃபோல்டரில் எங்கோ உள்ளே இருக்கின்றன. ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தவர்களுக்கு இவை இல்லை என்பதே பல நாள் கழித்துத்தான் தெரியவரும். பெரும்பாலும் அப்போது பழைய மெஷின் கையில் இருக்காது.

ஆகவே சாவிகளில் தொடங்குங்கள். கோட் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் ஹோஸ்டிங்கிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அந்த ஹோஸ்டிங்குக்குள் போக வழியில்லை என்றால் எதுவும் செய்ய முடியாது. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட், அதற்கான இணையக் கிடங்கு கிட்ஹப். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர்கள் பலவற்றிலும் பாஸ்வேர்டு நுழைவை மூடிவைத்திருப்பார்கள். அதை நீங்களே ஒருநாள் மூடியிருப்பீர்கள், இப்போது மறந்திருப்பீர்கள். சாவி இருக்கும் ஒரே மெஷினை ஃபார்மட் செய்துவிட்டால், ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனல் வழியாகத்தான் மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு வாடிக்கையாளர் பெயரில் இருந்தால் அவரிடம் போய் நிற்க வேண்டும்.

பழைய சாவியைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாமே என்று தோன்றும். நான் அப்படிச் செய்வதில்லை. புது மெஷினில் புதுச் சாவி ஒன்று உருவாக்குகிறேன். அது இரண்டு பாதியாக வரும், ரகசியப் பாதி ஒன்று, பொதுப் பாதி ஒன்று. பொதுப் பாதியை மட்டும் பழைய மெஷினுக்கு அனுப்பி, அங்கிருந்து சர்வருக்குள் போய், அனுமதிக்கப்பட்ட சாவிகளின் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கிறேன். கிட்ஹப்பிலும் அதையே சேர்க்கிறேன். பிறகு புது மெஷினிலிருந்து நுழைந்து பார்க்கிறேன். ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சாவி இருந்தால், நாளை ஒன்று தொலைந்தாலும் அதன் வரியை மட்டும் நீக்கிவிட்டு வேலையைத் தொடரலாம். வேறு வழியில்லாமல் பழைய சாவியையே காப்பி செய்தீர்களென்றால், லினக்ஸிலோ மேக்கிலோ அதன் அனுமதியை 600 என்று மாற்றுங்கள். மற்றவர்களும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும் ரகசியச் சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது.

ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் ஃபைல் மெனுவிலேயே எக்ஸ்போர்ட் இருக்கிறது. சைட் மேனேஜரில் உள்ள எல்லாத் தளங்களும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே வரும். மாஸ்டர் பாஸ்வேர்டு போடாதவர்களுக்கு அந்தக் கோப்பில் பாஸ்வேர்டுகள் பேஸ்64 என்ற எளிய உருமாற்றத்தில்தான் இருக்கும். அதைப் பூட்டு என்று சொல்ல முடியாது, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். அதனால் அந்தக் கோப்பை மெயிலிலோ வாட்ஸாப்பிலோ அனுப்பாதீர்கள். பென் டிரைவில் கொண்டுபோய், இம்போர்ட் செய்து, உடனே அழித்துவிடுங்கள். கையோடு மாஸ்டர் பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது டேட்டாபேஸ். நிறையப் பேர் இடறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸாம்ப்புக்குள் மைஎஸ்க்யூஎல் என்றொரு ஃபோல்டர், அதற்குள் டேட்டா. அங்கே ஒவ்வொரு டேட்டாபேஸ் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். பார்த்தவுடன் 'இதைக் காப்பி செய்தால் முடிந்தது' என்று தோன்றும். காப்பி செய்து புது மெஷினில் போட்டால், டேட்டாபேஸைப் பிரவுசரில் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் எல்லா டேபிள்களின் பெயரும் வரிசையாகத் தெரியும். கிளிக் செய்தால் அந்த டேபிள் இன்ஜினில் இல்லை என்று பிழை வரும். காரணம் இதுதான்: 2015 முதல் ஸாம்ப்பில் மைஎஸ்க்யூஎல் என்ற பெயரில் ஓடுவது மரியாடிபி. அதில் இன்னோடிபி என்ற வழக்கமான சேமிப்பு முறையில் உள்ள டேபிள்களின் வரிசைகள் அந்தந்த ஃபோல்டரில் இருந்தாலும், எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு ஐபிடேட்டா1 என்ற பொதுக் கோப்பில் இருக்கிறது. அது ஃபோல்டருக்கு வெளியே, டேட்டாவின் முதல் மட்டத்தில் கிடக்கும். ரயிலிலிருந்து மூட்டைகளை மட்டும் இறக்கிவிட்டுச் சரக்குப் பட்டியலை விட்டுவிட்டு வந்த கதைதான்.

சரியான வழி, ஒவ்வொரு டேட்டாபேஸையும் எஸ்க்யூஎல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்வது. சின்னத் தளங்களுக்குப் பிஎச்பிமைஅட்மினே போதும். பெரியவற்றுக்கு இம்போர்ட் செய்யும்போது அளவு வரம்பு குறுக்கே வரும். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் அப்லோடு வரம்பு, போஸ்ட் வரம்பு இரண்டையும் ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு ஏன் நகரவில்லை என்று தவிக்காதீர்கள். இந்தத் தொல்லை வேண்டாமென்றால், டேட்டாபேஸை டம்ப், அதாவது எஸ்க்யூஎல் கோப்பாக, எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். பழைய மெஷினில் டேட்டாபேஸ் சர்வரே எழுந்திருக்க மறுக்கிறது, எக்ஸ்போர்ட் செய்ய வழியில்லை என்ற நிலை வந்தால் மட்டும், டேட்டா ஃபோல்டர் முழுவதையும், ஐபிடேட்டா1, ஐபி லாக்ஃபைல் என்ற பதிவுக் கோப்புகள் உட்பட ஒன்று விடாமல் எடுத்து, அதே பதிப்பு மரியாடிபி உள்ள ஸாம்ப்பில் வைத்துத் திறந்து பாருங்கள்.

தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் இதற்குமேல் ஒன்று கவனிக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் குறியாக்கங்களில் ஒன்றான யூனிகோடின் யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். நடுவே யாராவது வேறு குறியாக்கத்தில் அதைத் தொட்டால் பாழ். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல் 5.1-இல் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை ஓட்டி, அம்புக்குறி போட்டு வெளியீட்டைக் கோப்பில் திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். பவர்ஷெல் அதை அப்படியே எழுதாது. முதலில் தன் திரையின் குறியாக்கத்தில் படித்து, பிறகு யூடிஎஃப்16 ஆக எழுதும். தமிழ் அங்கேயே சிதைந்துவிடும். 2017-இல் ஒரு சிற்றிதழின் தளத்தை இடம் மாற்றியபோது எனக்கு நடந்தது இது. டம்ப் கோப்பைத் திறந்து பார்த்தேன், ஆங்கிலமெல்லாம் சரியாக இருந்தது, 'சரிதான்' என்று நகர்ந்துவிட்டேன். தமிழ் வரிகள் வரை உருட்டிப் பார்க்கவில்லை. பழைய மெஷின் அழிக்கப்படாமல் இருந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது. இல்லையென்றால் பதினோரு வருடக் கட்டுரைகள் போயிருக்கும். அன்றிலிருந்து கோப்பின் பெயரைக் கட்டளைக்குள்ளேயே ரிசல்ட் ஃபைல் என்ற விருப்பத்தில் கொடுக்கிறேன். அம்புக்குறி போடுவதே இல்லை. பழைய சிஎம்டி திரையில் ஓட்டினாலும் இந்தச் சிக்கல் வராது.

இம்போர்ட் செய்தபின் தமிழ் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், அந்தப் பிரதியில் எழுத்து அழிந்துவிட்டது. பைட்டுகளே கேள்விக்குறியாக மாற்றி எழுதப்பட்டுவிட்டதால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பழைய மெஷினுக்குப் போய் மறுபடி எடுக்க வேண்டும். கேள்விக்குறிகளுக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆர் போன்ற குறிகளும் கலந்து வந்தால் பயப்படாதீர்கள். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, தவறாகப் படிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். பழைய பிஎச்பி தளங்களில் இது அடிக்கடி வரும். டேபிள் லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டிருக்கும், உள்ளே யூடிஎஃப்8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கும். தளத்தில் சரியாகத் தெரியும், பிஎச்பிமைஅட்மினில் கிறுக்கலாகத் தெரியும். இதை லத்தீன்1 என்றே சொல்லி டம்ப் எடுங்கள். கோப்புக்குள் லத்தீன்1 என்று வரும் அறிவிப்புகளை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிவிட்டு இம்போர்ட் செய்யுங்கள். தமிழ் திரும்பி வந்துவிடும். சும்மா யூடிஎஃப்8 போதாதா என்றால், மைஎஸ்க்யூஎல்லின் அந்தப் பழைய வகை மூன்று பைட் வரைதான் பிடிக்கும். தமிழுக்குப் போதும், நான்கு பைட் எடுக்கும் எமோஜிக்குப் போதாது.

உங்கள் ஹோஸ்டிங் சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8 ஓடுகிறது, அங்கிருந்து டம்ப் இறக்குகிறீர்கள் என்றால் இன்னொரு பிழையும் வரலாம். தெரியாத கொலேஷன் என்று சொல்லி, 0900 என்ற எண் உள்ள நீளப் பெயர் ஒன்றைக் காட்டும். மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பு வரிசைமுறை அது. ஸாம்ப்பில் வரும் மரியாடிபிக்கு அதைத் தெரியாது. டம்ப் கோப்பில் அந்தப் பெயரை யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்று மாற்றினால் இறங்கிவிடும்.

வேர்ட்பிரஸ் தளங்களுக்கு என் ஒரே ஆலோசனை: புது மெஷினிலும் அதே முகவரி, அதே ஃபோல்டர் பெயர், அதே டேட்டாபேஸ் பெயர். பழையதில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பின் 'கடை' என்ற ஃபோல்டர் இருந்தால் புதியதிலும் அதுவே. அப்போது எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆசைப்பட்டு அழகான புதுப் பெயர் வைத்தால் வேலை கூடும். தளத்தின் முகவரி ஆப்ஷன்ஸ் டேபிளில் சைட் யூஆர்எல், ஹோம் என்று இரண்டு இடத்தில் இருப்பது பலருக்குத் தெரியும். விட்ஜெட்டுகளும் பேஜ் பில்டர்களும் தங்கள் அமைப்புகளை வேறொரு வடிவில் சேமிப்பது தெரியாது. அங்கே ஒவ்வொரு சொற்றொடருக்கு முன்னாலும் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 22 எழுத்து முகவரியை எடிட்டரில் தேடி 19 எழுத்து முகவரியாக மாற்றினால், முன்னால் இருக்கும் 22 அப்படியே நிற்கும். பிஎச்பி படிக்கும்போது கணக்கு உதைத்து, அந்த அமைப்பு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். முகப்புப் பக்கம் காலியாகத் தெரியும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டபிள்யூபி சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

லோக்கல்ஹோஸ்டுக்குப் பதிலாகத் தனிப் பெயர் வைத்திருந்தீர்கள் என்றால் இரண்டு கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அதற்குள் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. மற்றது அப்பாச்சியின் கான்ஃப், எக்ஸ்ட்ரா ஃபோல்டரில் இருக்கும் விஹோஸ்ட்ஸ் கோப்பு. புது மெஷினில் இருக்கும் கோப்புகளை இவற்றால் அழித்து எழுதிவிடாமல், உங்கள் வரிகளை மட்டும் வெட்டி ஒட்டுங்கள்.

பிஎச்பி பதிப்பு விஷயத்தில் பொறுமை வேண்டும். புது மெஷின், புது ஸாம்ப் என்று இறக்கினால் பிஎச்பி 8 வரும். பழைய தளங்கள் 7.4-இல் ஓடிக்கொண்டிருக்கும். 8 வந்தது 2020 நவம்பரில். ஈச், கிரியேட் ஃபங்ஷன் போன்ற பழைய செயல்கள் அதில் நீக்கப்பட்டுவிட்டன, பழைய தீம்கள் வெள்ளைத் திரையோடு நின்றுவிடும். அப்போது காப்பி செய்ததில் தவறா, டேட்டாபேஸில் தவறா, பிஎச்பியில் தவறா என்று பிரித்தறிய முடியாமல் நாள் முழுக்கப் போய்விடும். அதனால் முதலில் பழைய மெஷினில் இருக்கும் அதே பதிப்பையே புதியதில் போட்டு, எல்லாத் தளமும் அப்படியே ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, ஆகவே 8-க்குப் போகத்தான் வேண்டும். ஆனால் வீடு மாற்றுவதும் வீட்டை இடித்துக் கட்டுவதும் ஒரே நாளில் வேண்டாம்.

லாராவெல் தளங்களில் பாஸ்வேர்டுகளும் அமைப்புகளும் இருக்கும் டாட் என்வ் கோப்பு கிட்டில் இருக்காது, இருக்கவும் கூடாது. கிட்ஹப்பிலிருந்து இறக்கினால் அது வராது. கையால் எடுத்துப் போங்கள். பெயர் புள்ளியில் தொடங்குவதால் மேக்கிலும் லினக்ஸிலும் கண்ணுக்கே தெரியாது. அதை விட்டுவிட்டு, மாதிரிக் கோப்பிலிருந்து புதிதாக ஒன்று செய்து, அதிலுள்ள ஆப் கீ என்ற ரகசியச் சாவியைப் புதிதாக உருவாக்கச் சொல்லும் கட்டளையை ஓட்டுவது பலருடைய பழக்கம். புதுத் திட்டத்துக்குச் சரி. பழைய திட்டத்தில், டேட்டாபேஸில் என்க்ரிப்ட் செய்து பூட்டி வைத்த விவரம் எதுவும் இருந்தால், பழைய ஆப் கீ இல்லாமல் அதை யாராலும் திறக்க முடியாது. அந்த ஒரு வரி உங்கள் மொத்த ஃபோல்டரைவிட மதிப்புள்ளது. பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரின் கேஷில் பழைய மெஷினின் முழுப் பாதைகள் பதிந்திருக்கலாம். புதியதில் ஏறியதும் கான்ஃபிக் கேஷை அழித்துவிடுங்கள். படங்கள் தெரியவில்லை என்றால் ஸ்டோரேஜ் லிங்க் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், காப்பியில் அந்த இணைப்பு அறுந்திருக்கும்.

இணையத்திலிருந்து இறக்கிய நிரல் நூலகங்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ், வெண்டார் ஃபோல்டர்களை எடுத்துப் போகவே வேண்டாம். பல்லாயிரம் சின்னக் கோப்புகள். காப்பி மணிக்கணக்கில் ஓடும், விண்டோஸில் பாதை நீளம் 260 எழுத்தைத் தாண்டிப் பாதியில் நிற்கும். அதோடு உள்ளே சில நிரல்கள் பழைய மெஷினின் சிப்புக்கென்றே உருவானவை. இன்டெல்லிலிருந்து ஆப்பிளின் எம் வரிசைக்கு மாறுகிறவர்களுக்கு அவை ஓடாது. எந்த நூலகம் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைத்திருக்கும் லாக் கோப்புகளை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோங்கள். என்பிஎம் சிஐ கட்டளையும் கம்போசர் இன்ஸ்டாலும் அதே பதிப்புகளை மறுபடி இறக்கித் தந்துவிடும்.

'எல்லாம் கிட்டில் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒருமுறை ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். புஷ் செய்யாத, அதாவது கிட்ஹப்புக்கு அனுப்பாத கிளைகள், அவசரத்தில் ஸ்டாஷ் செய்து, அதாவது ஒதுக்கி வைத்து மறந்தவை, ஹூக்ஸ் ஃபோல்டரில் எழுதி வைத்த தானியங்கி நிரல்கள், இவை எதுவும் கிட்ஹப்புக்குப் போவதில்லை. ஸ்டாஷ்களைக் கிளையாக மாற்றிப் புஷ் செய்துவிடுங்கள். கிட் ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்தால், புது மெஷினில் 'உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர்' என்ற பொருளில் ஒரு பிழை வரலாம். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து கிட் இதைக் கவனிக்கிறது. ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் சரியாகும். எதையும் தொடாமலே எல்லாக் கோப்பும் மாறியிருப்பதாகக் காட்டினால் அது வரிமுடிவுச் சிக்கல், விண்டோஸும் மற்றவையும் வரியை வெவ்வேறு குறியால் முடிப்பதால் வருவது. ஆட்டோ சிஆர்எல்எஃப் அமைப்பு இரண்டு மெஷினிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், அதற்குள் கமிட் செய்துவிடாதீர்கள்.

விஎஸ் கோட் எடிட்டர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செட்டிங்ஸ் சிங்க்கை இயக்கி, கிட்ஹப் கணக்கில் நுழைந்தால் நீட்சிகளும் குறுக்குவிசைகளும் தானாக வந்துசேரும். ட்ரீம்வீவரில் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், சைட் அமைப்புகள் தளத்தின் ஃபோல்டரில் இருப்பதில்லை. மேனேஜ் சைட்ஸ் பகுதியில் எக்ஸ்போர்ட் கொடுத்து எஸ்டிஈ கோப்பாக எடுக்க வேண்டும். அப்போது காப்புப் பிரதியா, மற்றவரோடு பகிரவா என்று கேட்கும். காப்புப் பிரதி என்று சொன்னால்தான் நுழைவு விவரங்களும் சேர்ந்து வரும். டிசைன் கோப்புகளில் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்களையும், தட்டச்சுக்கு வைத்திருக்கும் என்எச்எம் ரைட்டரையோ இ-கலப்பையையோ கூட மறக்காதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பேனர் கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஒரு சொல்லும் படிக்க முடியாது.

காப்பி செய்யும்முன் ஒரு சோதனை. உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்யுமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் போய்விட்டிருக்கலாம். அங்கே மேகக் குறி போட்ட கோப்புகள் உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இல்லை. 'இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு' என்பதைத் தேர்ந்து, முழுதாக இறங்கிய பிறகு எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டினால் வேகமாகப் போகும். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாம் ஏறிய பிறகு பழைய லேப்டாப்பை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, புதியதில் மட்டும் இரண்டு மூன்று வாரம் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு தளத்திலும் அட்மினுக்குள் நுழைந்து, ஒரு தமிழ்க் கட்டுரையைத் திறந்து திருத்திச் சேமித்து, ஒரு படம் ஏற்றி, ஒரு சின்ன மாற்றத்தை நிஜ சர்வர் வரை அனுப்பிப் பாருங்கள். எதற்காவது பழையதைத் திறக்க வேண்டி வந்தால், எதற்காகத் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எடுக்காமல் விட்டதெல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும்.

ஒரு வாரம் முழுக்கத் தாளில் புது வரி எதுவும் ஏறவில்லை என்றால் தம்பிக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்முன் சர்வர்களிலிருந்தும் கிட்ஹப்பிலிருந்தும் பழைய மெஷினின் சாவி வரிகளை நீக்கிவிடுங்கள். விண்டோஸின் ரீசெட்டில் எல்லாவற்றையும் அகற்று என்பதைத் தேர்ந்து, அதன் அமைப்புகளுக்குள் இருக்கும் டேட்டாவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தையும் இயக்குங்கள். அதற்கு நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகி இரவில் விட்டுவிடுங்கள்.